முப்புள்ளியும் எஞ்சிய சொல்லும்

சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் படிகளிலும் இடைநிலைப்பள்ளி மாணவர் கட்டுரைகளிலும் இந்நாளில் மலிந்து கிடப்பது மூன்று புள்ளி. மூன்றோடு நிற்பதுமில்லை, ஐந்தாகும், ஏழாகும், சில வேளைகளில் அரை வரியையும் அடைத்துக்கொள்ளும். "அவள் பார்த்தாள்... அவன் நின்றான்... மழை பெய்தது..." என்று ஒரு கதை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் எஞ்சி நிற்பது யாது? பார்த்தாள், நின்றான், பெய்தது ஆகிய மூன்றும் வினைமுற்றுகள். முடிந்த தொடரை முடியாதது போலக் காட்டினால் அதற்கு ஓர் ஆழம் வந்துவிடும் என்று எழுதுவோர் கருதுகின்றனர் போலும். சொல்லுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் சொல்லாமல் விட்டதாகப் பாவனை செய்வதே இது. புலனத்தில் செய்தி அனுப்பிப் பழகிய கை, அங்குள்ள புள்ளிகளைக் கட்டுரை ஏட்டிலும் தெளித்துவிடுகிறது.

முப்புள்ளி அச்சு வழியே வந்த குறி. ஏட்டுச் சுவடியில் நிறுத்தக்குறிகள் இல்லை. எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட இடாது எழுதிய மரபு அது. ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோர் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பேணிக் கையாண்ட பின்னரே அவை தமிழில் ஊன்றின. ஆயினும், குறிதான் புதிது; அது சுட்டும் பொருள் மிகப் பழையது. தொல்காப்பியம் எச்சவியலில் பிரிநிலை முதல் இசை ஈறாகப் பத்து எச்சங்களை வகுத்துள்ளது. அவற்றுள் ஒழியிசை என்பதே இங்குக் கருதத்தக்கது. "நல்ல பையன்தான்" என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால், கேட்பவர் "ஆனால்" என்னும் சொல்லை எதிர்பார்த்துக் காத்திருப்பார். ஒழிந்த பொருளை அங்கே "தான்" என்னும் சொல்லே தாங்கி நிற்கிறது. அதன்பின் மூன்று புள்ளி இடுவது, ஊன்றுகோல் இல்லாமல் நடப்பவன் கையில் கோலைத் திணிப்பது போன்றது.

புள்ளி வேண்டிய இடமும் உண்டு. "பிரட்டுக்கு ஏன் வரவில்லை என்று கங்காணி கேட்டால்..." என்று ஒருத்தி சொல்லித் தயங்குகிறாள். "கேட்டால்" என்பது எச்சமே; முடிக்கும் வினை வரவில்லை. குரல் தானே தேய்ந்து நின்றதைப் புள்ளி காட்டுகிறது. அவளைப் பேசவிடாது இன்னொருவர் குறுக்கிட்டிருந்தால் அங்கே பொருந்துவது கோடு, புள்ளியன்று. புதுமைப்பித்தன் (1906–1948) கதைமாந்தரின் பேச்சு அறுபடும் இடங்களைக் கூர்ந்து பார்க்கும் ஆசிரியர், அவ்விடங்களை மாணவர்க்குக் காட்டலாம். எத்தனை புள்ளி என்ற ஆராய்ச்சி வேண்டுவதில்லை, மூன்று போதும்.

இக்குறியை நேர்மையின் அடையாளமாகக் கையாண்டவர்கள் பழைய நூல்களைப் பதிப்பித்தவர்கள். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டார். நானூறு பாடல்களுள் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. இன்னும் பல பாடல்கள் இடையிடையே சிதைந்துள்ளன. புறநானூற்றுப் பதிப்புகளைப் புரட்டுவோர் அவ்விடங்களில் புள்ளிகளைக் காண்பர். யாப்பறிந்த புலவர்க்கு ஒரு சீரை இட்டு நிரப்புவது அரிய செயலன்று. அவ்வாறு நிரப்பியிருந்தால் எது பழையது, எது புதியது என்று பின்வந்தோர் அறிய வழியே இராது. இங்கே ஒன்று இருந்தது, இன்று இல்லை என்று மட்டும் அப்புள்ளிகள் சொல்லுகின்றன.

இதற்கு நேர்மாறானது மேற்கோளை வெட்டுவோர் செயல். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் பெரும்பாலும் தொடரின் முன்பகுதியிலேயே வந்துவிடும். இறுதியைக் குறைத்தாலும் மறுப்பு எஞ்சும். தமிழில் இல்லை, அன்று, தவறு என்பன கடைசியிலேயே வந்து அமர்கின்றன. "கரங்கான் வட்டாரத்தில் மாணவர் குறைந்த தோட்டப்பள்ளியை மூடிவிடுவதே நன்று என்பாரோடு உடன்படுவதற்கில்லை" என்று ஒருவர் எழுதியதாகக் கொள்வோம். "மாணவர் குறைந்த தோட்டப்பள்ளியை மூடிவிடுவதே நன்று..." என்று மற்றொருவர் அதனை எடுத்தாண்டால், ஒரு சொல்லையும் மாற்றாமலேயே எழுதியவரை எதிர்க்கட்சியில் சேர்த்துவிடலாம். சிறு பள்ளிகளின் வாழ்வு பற்றிய வாதம் ஓயாத இந்நாட்டில் இது வெறும் இலக்கண வினா அன்று. புள்ளி இட்டாரே, விட்டதை ஒப்புக்கொண்டாரே என்று வாதிடுவாரும் உளர். ஏதோ விடப்பட்டது என்பதைத்தான் புள்ளி சொல்லும். விடப்பட்டது தலையா வாலா என்று சொல்லாது. இடையில் உள்ள அடைமொழியை விடலாம். தொடக்கத்து வட்டாரப் பெயரை விடலாம். இடத்தைப் பொறுத்து அதுவும் பொருளைத் திரிக்கக்கூடும். முடிக்குஞ் சொல்லை மட்டும் விடலாகாது.

வகுப்பில் இதனை விளக்க விதிப் பட்டியல் வேண்டியதில்லை. செய்தித்தாளிலிருந்து ஐந்து நீண்ட தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லையும் அழித்து மூன்று புள்ளி இட்டால், ஐந்தில் எத்தனை தலைகீழாயின என்பதை நான்காம் ஆண்டுப் பிள்ளைகளே எண்ணிச் சொல்லிவிடுவர்.