ரீலோடிங் கையேடுகள்: எந்தப் பக்கம் முதலில் வர வேண்டும்?

கைத்துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வது அமெரிக்காவில் பல பேருக்கு ஒரு சாதாரணப் பொழுதுபோக்கு. நம்ம ஊரில் இதைச் சொன்னால் பயந்துவிடுவார்கள். அங்கே தச்சு வேலை, மீன்பிடி மாதிரி இதுவும் ஒன்று, அவ்வளவுதான். இதைக் கற்றுக்கொடுக்கும் புத்தகங்களுக்கு நூறு வருடத்துக்கு மேல் வரலாறு உண்டு. அவற்றில் சிலவற்றை நான் நிதானமாகப் படித்திருக்கிறேன். எனக்கு அவற்றின் மேல் மரியாதையும் உண்டு, ஒரு பெரிய குறையும் உண்டு.

முதலில் விஷயம் என்னவென்று சுருக்கமாக. சுட்ட பிறகு கீழே விழும் பித்தளைக் கூடு வீணாவதில்லை. அதைச் சுத்தம் செய்து, டை என்ற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, எரிந்த பிரைமரைத் தட்டி எடுத்துப் புதிது பொருத்தி, அளந்த மருந்தைப் போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்தினால் மறுபடியும் தோட்டா. பிரைமர், மருந்து, குண்டு மூன்றும் புதிது, கூடு மட்டும் பழசு. மருந்தின் அளவு கிரெய்ன் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். கைத்துப்பாக்கிக்குப் பொதுவாகச் சில கிரெய்ன்கள்தான், ஒரு சிட்டிகை.

ஆரம்பப் பாடங்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் தொடங்கும். ஒன்று, காசு மிச்சம். இரண்டு, எந்த பிரஸ் வாங்கலாம். காசு விஷயத்தை அனுபவசாலிகளே சிரித்துக்கொண்டு மறுப்பாங்க: மிச்சமாவதில்லை, அதே காசுக்கு அதிகம் சுடுகிறோம். பிரஸ் விஷயத்தில் எழுதுகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். ரிச்சர்ட் லீ எழுதிய ‘மாடர்ன் ரீலோடிங்’ இந்தத் துறையில் எல்லாரும் கையில் எடுக்கும் புத்தகம். அவரே லீ பிரிசிஷன் கம்பெனியை ஆரம்பித்தவர். சுத்தியலால் தட்டித் தோட்டா நிரப்பும் எளிய ‘லீ லோடர்’ கருவியை 1958-இல் கொண்டுவந்தவரும் அவர்தான். அதனால் புத்தகத்தில் எந்தக் கருவியைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கடைசியில் அவர் கடைக்கே வந்து சேரும். அவர் அதை மறைக்கவும் இல்லை. அழுத்தம் என்றால் என்ன, அது ஏன் கூடுகிறது என்று அவர் விளக்கும் விதம் நன்றாகவே இருக்கிறது. லைமன் கையேடும் கருவி விற்கும் கம்பெனியின் புத்தகம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படிப்பதுதான் சரி. மருந்தின் அளவை ஒரே புத்தகத்தை நம்பி எடுக்காதே, குறைந்த அளவிலிருந்து ஆரம்பி என்று இந்த உலகமே சொல்லிக்கொடுக்கிறது. நல்ல பண்பாடு அது.

என் குறை வேறு இடத்தில். எச்சரிக்கை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் பட்டியலாக இருக்கிறது. கண்ணாடி போடு, புகைக்காதே, மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா மட்டும் வை, கவனம் சிதறாதே. பத்தும் ஒரே எடையில். படிக்கும் புது ஆளுக்கு எது உயிர் போகும் விஷயம், எது நல்ல பழக்கம் என்று தெரியாது.

எனக்குத் தெரியவில்லை. டெக்ஸாஸில் வேலை பார்த்த நாட்களில், ஒரு நண்பரின் கராஜில் .38 ஸ்பெஷல் நிரப்பக் கற்றுக்கொண்டிருந்தேன். மரப்பலகையில் 50 துளை, 50 கூடு. வரிசையாக மருந்து போட்டுக்கொண்டு வரும்போது ஃபோன் அடித்தது. பேசிவிட்டு வந்து, விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தேன். குண்டு வைக்கப் போகும்போது நண்பர் “இருங்க” என்று சொல்லி, டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்த்தார். ஒன்றில் மட்டும் மருந்து மட்டம் உயர்ந்திருந்தது. இரண்டு தடவை போட்டிருக்கிறேன். அவர் திட்டவில்லை. ஐம்பதையும் டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டு, “மறுபடி முதல்லேர்ந்து போடுங்க” என்றார். அன்று வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகும்போது கை நடுங்கியது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. புதியவர்களுக்குப் பல கையேடுகள் சிபாரிசு செய்வது இதே .38 ஸ்பெஷலைத்தான். காரணங்கள் நியாயமானவை: கூடு நேரானது, கார்பைடு டை இருந்தால் எண்ணெய் பூச வேண்டாம், அழுத்தமும் குறைவு. அமெரிக்கத் தர அளவில் அதன் உச்சம் 17,000 பி.எஸ்.ஐ., 9 மி.மீ. தோட்டாவுக்கு 35,000. ஆனால் .38 ஸ்பெஷல் 1890-களின் இறுதியில், கரிமருந்து நிறைய அடைத்த காலத்தில் பிறந்த கூடு. உள்ளே இடம் தாராளம். இன்றைய புகையில்லா மருந்து அதில் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது. அழுத்தம் குறைவு என்று நாம் தேர்ந்தெடுத்த தோட்டாதான் தவறை நன்றாக ஒளித்து வைக்கும் தோட்டாவும்.

மருந்தே போடாமல் விட்டாலும் ஆபத்துதான். பிரைமரின் வேகத்தில் குண்டு குழலில் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். “டப்” என்று சின்னச் சத்தம். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

குண்டை வைத்து மூடிவிட்டால் இரண்டு தவறும் கண்ணுக்குத் தெரியாது. முடிந்த தோட்டாவைத் தராசில் வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று நானும் கேட்டேன். நம்ப முடியாது. கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு எடை வித்தியாசப்படும். சில கிரெய்ன் மருந்து அந்த வித்தியாசத்துக்குள்ளேயே மறைந்துபோகலாம்.

ஆக, இந்த வேலை முழுவதிலும் தவறைக் கண்ணால் பார்க்க முடிகிற நேரம் ஒன்றுதான்: மருந்து போட்ட பிறகு, குண்டு வைப்பதற்கு முன்பு. நான் ஒரு கையேடு எழுதினால் முதல் பக்கம் அதுதான். பிரஸ் எது என்ற கேள்விகூட அங்கிருந்துதான் வரும். ஒரு இழுப்பில் ஒரு தோட்டா வெளியே தள்ளும் புரோகிரஸிவ் இயந்திரம் புதியவருக்கு ஏன் வேண்டாம்? விலைக்காக மட்டும் இல்லை, அந்த ஒரு நேரத்தை அது வேகமாகக் கடந்துவிடும் என்பதற்காக. ஒரு தடவைக்கு ஒரு வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸும் மரப்பலகையும் ஏன் நல்லது? ஐம்பதையும் ஒரே பார்வையில் ஒப்பிட முடியும் என்பதற்காக. எந்த மருந்து? கையேடு அந்தத் தோட்டாவுக்கு அனுமதிப்பவற்றில், இரண்டு மடங்கு போட்டால் வழிந்து கொட்டுகிற பருமனான மருந்து. இப்படி ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொன்னால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

கையேடுகள் பொய் சொல்கின்றன என்று நான் சொல்லவில்லை. தேவையானது எல்லாம் அவற்றில் இருக்கிறது. வரிசைதான் தப்பு. கடைக்காரர் வரிசையில் எழுதியிருக்கிறார்கள், அந்த டார்ச்சைக் கையில் வைத்திருந்த நண்பரின் வரிசையில் எழுதவில்லை. நீங்கள் இந்தப் பக்கம் போவதாக இருந்தால், உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதலில் ஒரு நல்ல டார்ச் வாங்குங்கள். ஃபோனை வேறு அறையில் வையுங்கள்.