கற்பிக்க வந்தவரும் கற்க வருபவரும்

பிறநாடொன்றின் பொதுச் சுகாதார அமைப்பை அறிந்துவரும் பொருட்டு மாணவரைச் சில வாரங்களுக்குக் கடல்கடந்து அனுப்பும் வழக்கம் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியுள்ளது. அத்தகையோர் நாடிவரும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. நோக்கம் நல்லதே. ஆயினும் ஒரு நாட்டின் சுகாதார அமைப்பு நான்கு வாரத்திற் கண்ணுக்குப் புலனாகுமா என்னும் வினா எழாமற் போகாது. இவ்வினாவுக்கு மானிப்பாய் தக்கதோர் உரைகல்லாகும்.

அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயிற் பணி தொடங்கினார். 1857இல் தாயகம் திரும்பி, 1862இல் மீண்டும் வந்து, 1873 வரை பணியாற்றினார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை அவர் உருவாக்கினார். ஆங்கிலத்தில் தொடங்கிய போதனையை 1864இல் தமிழுக்கு மாற்றினார். உடற்கூற்றியல், சத்திர சிகிச்சை, மகப்பேறு ஆகிய துறைகளின் நூல்கள் அவர் முயற்சியால் தமிழாயின.

கிறீன் கற்க வந்தவர் அல்லர். கற்பிக்கவும் மதம் பரப்பவும் வந்தவர். அந்நோக்கத்தை மறைத்து அவரைப் போற்றுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. எனினும் தமிழிற் கற்பிக்க முனைந்தமையே அவரைக் கற்பவராக்கிற்று. நோயாளி தன் வேதனையை எச்சொல்லாற் கூறுகிறான் என்பதை அறியாதவன் அவனுக்கு விளங்கும் வைத்திய நூலை ஆக்கவியலாது. கற்பிக்க வந்தவர் கற்றுச் சென்றார். கற்கவென்றே வருபவரோ மொழியறியாமற் பார்த்துச் செல்கின்றனர். முரண் இதுவே.

பார்வையாளர் முதலிற் காண்பது வைத்தியசாலையை. அங்கே நோய் தெரியும், மருந்து தெரியும். பொதுச் சுகாதாரத்தின் வெற்றியோ நிகழாது போன நோயில் உள்ளது. 1926இல் களுத்துறையில் அமைந்த முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்தது இலங்கையின் அமைப்பு. சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிவுசெய்யும் குடும்பநல மாது ஆகியோரே அதன் தூண்கள். குடும்பநல மாது படலையைத் திறந்து உள்ளே செல்கையில் அவரிடம் தாய் சொல்லும் சொல்லிலேயே அவ்வமைப்பு உயிர்வாழ்கிறது. மொழிபெயர்ப்பாளரை இடையிருத்தி அவ்வுரையாடலைக் கேட்பவருக்குச் செய்தி கிட்டலாம்; நம்பிக்கையின் வரலாறு கிட்டாது.

மலேரியாவின் கதை இதனை மேலும் தெளிவாக்கும். 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் பதினெழுவர் மாத்திரமே. அவ்வாண்டு நான்கு வாரம் தங்கிச் சென்ற ஒருவர், நோய் ஒழிந்தது என்றே எழுதியிருப்பார். கண்காணிப்புத் தளர்ந்தது, அப்பத்தாண்டு முடியுமுன் இலட்சக்கணக்கானோர் மீண்டும் நோயுற்றனர். 2016இலேயே மலேரியா அற்ற நாடு என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று இலங்கைக்குக் கிட்டிற்று. குறுகிய காலப் பார்வை அமைப்பின் ஒரு நாளைக் காட்டும். அதன் நடையைக் காட்டாது.

எல்லோரும் கிறீனைப் போல் இருபது ஆண்டுகள் தங்குதல் இயலாது என்பர் சிலர். உண்மையே. அதனாற் குறுகிய பயணத்தைக் கைவிடல் வேண்டுமென்பதில்லை. அதன் பெருமிதத்தையே கைவிடல் வேண்டும். புறப்படுமுன் ஓரளவேனும் மொழி கற்றல், பல ஊர்களைச் சுற்றாது ஒரேயொரு பணிமனைப் பிரிவில் தங்குதல், எழுதும் அறிக்கையின் பிரதியொன்றை அவ்வூரவர் வாசிக்கத்தக்க மொழியில் விட்டுச்செல்லல் ஆகியன குறைந்தபட்சக் கடமைகளாம். வந்தவருக்கு வழிகாட்டிய குடும்பநல மாதின் நேரமும் உழைப்பே என்பது மறக்கற்பாலதன்று.

இன்னுமொன்றுண்டு. அங்கிருந்து மாணவர் இங்கு வருவது போல், யாழ்ப்பாண மருத்துவ பீடத்து மாணவரும் அந்நாட்டு அமைப்பை ஆராயச் சென்று அதன் குறைகளை எழுதும் வாய்ப்பைப் பெறல் வேண்டும். ஒரு பக்கம் என்றும் பார்ப்பவராகவும் மறுபக்கம் என்றும் பார்க்கப்படுபவராகவும் இருக்கும் வரை அது கல்விப் பரிமாற்றம் ஆகாது; வெறும் காட்சியாகவே அமையும்.