கல்லில் எழுதிய கணக்கு

ராஜஸ்தானில், பரத்பூர் மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்த கேவலாதேவ் சதுப்பில் ஒரு கல்வெட்டு நிற்கிறது. தேதி, வந்த வைஸ்ராயின் பெயர், துப்பாக்கிகள் எத்தனை, விழுந்த பறவைகள் எத்தனை. 1938 நவம்பரில் லின்லித்கோ பிரபு வந்த நாளுக்கு நேரே 4,273. தனியார் வேட்டைக்காடுகள் உண்டாக்கிய எழுத்தில் இதைவிட நேர்மையானது இல்லை என்பேன். இதில் பறவை இல்லை. தொகை மட்டும் இருக்கிறது.

கென்னத் ஆண்டர்சன் இப்படிக் கணக்கு எழுதியவரல்ல. 1954இல் வந்த அவரது முதல் புத்தகத்தில், அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த பென்னாகரம், சின்னாறு பக்கத்துக் காடுகள் உயிரோடு இருக்கின்றன. புலி நெருங்கும்போது அவரது வாக்கியம் இறுகுகிறது. பயம் நிஜமான பயம். ஆனால் மயிலும் காட்டுக்கோழியும்? பெரும்பாலும் அவை குரல்கள்தாம். விடிந்ததைச் சொல்லும், புலி நடமாட்டத்தைச் சொல்லும். பெரிய வேட்டைக்குச் சேதி கொண்டுவரும் சேவகர்கள்.

அதே புத்தகத்தில் பைரா என்ற பூசாரி வருகிறான். காட்டைப் படிக்கத் தெரிந்தவன். ஆண்டர்சன் அவனை மனதார நேசிக்கிறார். ஆனாலும் அவன் திருட்டு வேட்டைக்காரன்தான். லைசென்ஸ் உள்ளவன் சுட்டால் அது விளையாட்டு. இல்லாதவன் சுட்டால் திருட்டு. ஆங்கிலத்தில் விளையாட்டுக்கும் வேட்டைப் பிராணிக்கும் 'கேம்' என்று ஒரே சொல். இந்தத் தரம்பிரிப்பைக் காடு செய்யவில்லை. 1879இன் நீலகிரி வேட்டைச் சட்டமும், 1882இன் சென்னை வனச் சட்டமும் செய்தன. ஆண்டர்சனின் மனசு பைராவின் பக்கம். அவர் கையில் இருந்த பாஷை வேலியின் பக்கம்.

கண்ணி வைப்பவன் மட்டும் புனிதனா என்று கேட்கலாம். இல்லை. பழக்கிய கௌதாரியைக் கூண்டில் கூவவிட்டு, அந்தக் குரலுக்குச் சண்டைக்கு வரும் இன்னொரு கௌதாரியைச் சுருக்கில் பிடிப்பது துரோகம்தான். ஆனால் அதைச் செய்ய, சாமை அறுத்த எந்தக் காட்டில், எந்த நேரத்தில், எந்தக் குரலுக்கு அது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். கொடுமையும் நெருக்கமும் ஒரே கையில் இருக்கின்றன. இலக்கியத்துக்கு உரிய முரண் இது. பரத்பூர் கல்லுக்கு இது தேவைப்படவில்லை.

1972இன் வனவிலங்குச் சட்டமும் 1991இன் திருத்தமும் வேட்டை லைசென்ஸ்களுக்கு முடிவு கட்டின. நல்லது. ஆனால் பாஷை பிழைத்துக்கொண்டது. இன்று தமிழில் காட்டைப் பற்றி எழுதப்படுவதில் நான் படித்தவரை, துப்பாக்கி போய்விட்டது. துப்பாக்கியின் கோணம் போகவில்லை. அதன் இடத்தில் காமிரா வந்திருக்கிறது, 'இயற்கை நேசம்' என்ற பெயர் வந்திருக்கிறது. பைரா இன்னமும் வழிகாட்டி, அல்லது குற்றவாளி. பார்ப்பவனாக அவன் எங்கும் இல்லை.

பைரா எழுதப் போவதில்லை. எழுதுகிற நாம், 'திருட்டு' என்ற சொல்லைப் போடுமுன் வேலி யாருடையது என்றாவது கேட்டுக்கொள்ளலாம்.