நடு ஓவரில் கட்டியக்காரன் எங்கே?

பார்க்காமல் விட்ட தொடர்களையெல்லாம் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்து முடித்தேன். கிரிக்கெட் எழுதிப் பழகிய கை, ஸ்கோர் போடாமல் விடுமா?

முதலில் ‘சுழல்’. 2022இல் வந்த முதல் பாகம் மயானக் கொள்ளையைப் பின்னணியாக வைத்து ஆடியது. தருமபுரிக்காரனுக்கு அது சொந்த மைதானம். சிவராத்திரி கழிந்த அமாவாசையில் அங்காளம்மன் வேடம் கட்டியவர் சுடுகாட்டுக்கு ஓட, ஊரே பின்னால் ஓடும். புழுதி அடங்கப் பொழுது சாய்ந்துவிடும். அந்த ஓட்டத்தின் வேகம் தொடரிலும் இருந்தது. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கமும் பிரமாதம். வழக்கறிஞர் செல்லப்பாவை (லால்) கொன்றது யார் என்றால், எட்டுப் பெண்கள் தனித்தனியாக வந்து ‘நான்தான்’ என்கிறார்கள். பவர்பிளேயில் விக்கெட் இழப்பின்றி 60! அதன்பின் ஆளாளுக்கு ஒரு முன்கதை என்று இறங்கினார்களே, அங்கே விழுந்தது ரன் ரேட். கடைசி இரண்டு ஓவரில் அடித்ததெல்லாம் கணக்குத் தீர்க்க மட்டுமே.

பென்னாகரம் பக்கம் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு இந்த நோய்க்கு மருந்து தெரியும். துரியோதனன் தன் பெருமையை அரை மணி நேரம் பாடிக்கொண்டிருப்பான். இரண்டு மணிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது, “ஏன் ராஜா, தொண்டை வறளலையா?” என்கிற மாதிரி ஒன்றைப் போடுவான் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன். பாயில் சாய்ந்தவன் எழுந்து உட்காருவான். நம் திரில்லர்காரர்கள் அணியில் சேர்க்க மறந்த ஆட்டக்காரர் இவர்தான்.

‘தலைவெட்டியான் பாளையம்’ (2024) முழுக்கக் கட்டியக்காரர்கள் அணி. பெயரைக் கேட்டதும் சேலத்துத் தலைவெட்டி முனியப்பன்தான் எனக்கு நினைவுக்கு வந்தார். கதை நடப்பதோ திருநெல்வேலிப் பக்கம். ‘மர்மதேசம்’ நாகாதான் இயக்குநர். தலைவரம்மாவாக தேவதர்ஷினி, அவர் பெயரில் ஊரை ஆளும் கணவராக சேத்தன். 1997இல் இதே நாகாவின் ‘விடாது கருப்பு’வில் நடித்த ஜோடி, நிஜத்திலும் தம்பதி. ஒருவர் அடிக்குமுன் மற்றவர் ஓடிவிடுகிறார், ரன் அவுட்டுக்கே வாய்ப்பில்லை. குறை ஒன்று உண்டு. 2020இல் வந்த இந்தி ‘பஞ்சாயத்’தின் ஷாட்டுகளையே திரும்ப ஆடுகிறார்கள். அதைப் பார்த்தவருக்கு இது ஹைலைட்ஸ்தான்.

மிச்சம் நம்ம ஊர்க் கதை. மக்கள் தொலைக்காட்சியின் ‘சந்தனக்காடு’ போதாதென்று 2023இல் மட்டும் வீரப்பன் இரண்டு முறை களமிறங்கினார். ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் நான்கு பாகங்களில் வேகமாக முடித்தது. அதில் வீரப்பனின் மனைவி, பென்னாகரத்தை அடுத்த நெருப்பூர்க்காரரான முத்துலட்சுமி நிதானமாகப் பேசும் இடங்கள் மனதில் நிற்கின்றன. டிசம்பரில் ஜீ5 வெளியிட்ட ‘கூச முனிசாமி வீரப்பன்’ ஆறு பாகம், டெஸ்ட் ஆட்டம். நக்கீரன் இதழ் எடுத்த பழைய வீடியோவில் வீரப்பனே காட்டுக்குள் உட்கார்ந்து கதை சொல்கிறார். நாயகனே கட்டியக்காரனாகவும் நிற்பதால் நடு ஓவர் தொய்யவில்லை. சிரித்துவிட்டு, யாருடைய பேச்சுக்குச் சிரித்தோம் என்று நாமே திகைக்கிறோம். அந்தத் திகைப்பை எந்தத் திரைக்கதையும் எழுதித் தந்துவிட முடியாது.

2004 அக்டோபர் 18 இரவு அவர் சுடப்பட்டது இங்கே பாப்பாரப்பட்டி அருகில்தான். இருபது ஆண்டு தாண்டியும் திரைக்காரர்களுக்கு தருமபுரி என்றால் காடும் துப்பாக்கியும்தான். அரூர் சந்தையிலும் பாலக்கோட்டுத் தக்காளி மண்டியிலும் காது கொடுத்தால் எட்டுப் பாக நகைச்சுவை அன்றாடம் ஓசியில் கிடைக்கிறது. யாராவது கேமராவோடு வாருங்கள்.

இந்த வார ஆட்ட நாயகர் சேத்தன்.