யோபுவில் தொடங்கும் ஒரு நூல் வரிசை

ஒரு மனிதர் தம் வாழ்நாளில் படித்த நூல்களுள் எவற்றைக் கடைசிவரை தம்மோடு வைத்துக்கொள்கிறார் என்று அறிந்தால், அவருடைய உள்ளத்தின் போக்கை ஓரளவு அறிந்துகொள்ளலாம். இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லேவி 1981-இல் வெளியிட்ட 'வேர்களைத் தேடி' என்னும் தொகுப்பு அவ்வகையில் நம் கவனத்திற்குரியது. தம்மை உருவாக்கிய எழுத்துகளிலிருந்து 30 பகுதிகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிற்கும் சிறு முன்குறிப்பு ஒன்றும் எழுதிச் சேர்த்திருக்கிறார். அறிவியலை நேசித்த, கடவுளை நம்பாத ஒருவரின் நூலடுக்கு இது. ஆயினும் இதன் முதல் பக்கத்தில் நிற்பது நம் திருவிவிலியத்தின் யோபு நூல். இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள முயல்வதே நம் நோக்கம்.

லேவி 1919-இல் தூரின் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர், வேதியியல் பட்டதாரி. 1943 டிசம்பரில் பாசிச எதிர்ப்புக் குழுவொன்றில் இருந்தபோது பிடிபட்டு, 1944 பிப்ரவரியில் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார். அதன் கிளையாகிய மோனோவிட்சு முகாமில் கையில் எண் பச்சை குத்தப்பட்டு அடிமை வேலை செய்தார். 1945 ஜனவரியில் விடுதலை பெற்றார். பின்னர் தூரினுக்கு அருகே ஒரு வண்ணப்பூச்சுத் தொழிற்சாலையில் பல்லாண்டுகள் வேதியியலாராகப் பணியாற்றிக்கொண்டே எழுதினார். 1947-இல் வந்த 'இது மனிதன்தானா' அவருடைய சாட்சியம். 1975-இல் வந்த 'தனிம அட்டவணை' அவருடைய தொழிலின் காவியம். 1987-இல் அவர் மறைந்தார்.

அவருடைய நூல் வரிசை நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. ஓமருக்கும் உலுக்ரேசியுசுக்கும் அருகில் டார்வின் இருக்கிறார். பொருள்களின் இயல்பைப் பற்றி வில்லியம் பிராகு எழுதிய நூல் இருக்கிறது. பதின்ம வயதில் அதைப் படித்தே வேதியியலாராக முடிவுசெய்ததாக லேவி கூறுகிறார். மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் காட்டர்மானின் வேதியியல் கையேட்டிலிருந்து, விபத்தைத் தவிர்க்கும் எச்சரிக்கைகளை எடுத்து, 'தந்தையின் சொற்கள்' என்று தலைப்பிட்டிருக்கிறார். உலர்ந்த பசைப்படலத்தைக் கரப்பான் பூச்சிகள் அரிக்குமா என்று சோதிக்கும் அமெரிக்கத் தரவிதி ஒன்றுக்கும் இடம் உண்டு! கடைசியில் நிற்பது, கருந்துளைகளைப் பற்றி இயற்பியலார் கிப் தோர்ன் எழுதிய கட்டுரை.

தொகுப்பின் தொடக்கத்தில் ஒரு வரைபடம் உள்ளது. மேல்முனையில் யோபு, கீழ்முனையில் கருந்துளை. இரண்டையும் நான்கு பாதைகள் இணைக்கின்றன: சிரிப்பினால் வரும் மீட்பு, காரணமின்றித் துன்புறும் மனிதன், மனிதனின் மாண்பு, புரிந்துகொள்வதனால் வரும் மீட்பு. நம்பிக்கையற்றவர் ஒருவர் 'மீட்பு' என்னும் நம் சொல்லை இருமுறை ஆள்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். புரிந்துகொள்ளுதல் மீட்கும் என்று அவர் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. முகாமுக்கு வந்த புதிதில், தாகம் தாங்காமல் சன்னலுக்கு வெளியே தொங்கிய பனிக்குச்சியை அவர் ஒடித்தெடுத்தார். காவலன் அதைப் பிடுங்கி எறிந்தான். ஏன் என்று கேட்டவருக்கு, இங்கே 'ஏன்' என்பதே கிடையாது என்னும் பொருள்பட விடை கிடைத்தது. 'ஏன்' என்ற கேள்வியே தடைசெய்யப்பட்ட இடத்திலிருந்து வந்தவருக்கு, ஏன் என்று கேட்க இடந்தரும் அறிவியல் நூல் ஒவ்வொன்றும் மனித மாண்பின் அடையாளமாகியது.

அவருடைய நம்பிக்கையின்மையையும் இந்தப் பின்னணியிலேயே நாம் நோக்க வேண்டும். 1944 அக்டோபரில், எரிவாயு அறைக்கு யார், வேலைக்கு யார் என்று பிரிக்கும் தேர்வு நடந்தது. ஆடையின்றி, கையில் அட்டையுடன் காத்திருந்த வேளையில் தமக்கும் செபிக்கத் தோன்றியதாக லேவி எழுதுகிறார். ஆனால், தோற்கும் தறுவாயில் ஆட்டத்தின் விதியை மாற்றலாகாது என்று தம்மைத் தடுத்துக்கொண்டார். அந்தச் செபம் நம்பிக்கையற்றவன் செய்யக்கூடிய பெரும் இறைநிந்தனையாக இருந்திருக்கும் என்கிறார். தேர்வு முடிந்த இரவில், கூன் என்னும் முதியவர் தாம் தப்பியதற்காக உரக்க நன்றி செபம் சொன்னார். பக்கத்துப் படுக்கையில், மறுநாளோ அதற்கடுத்த நாளோ சாகப்போகும் இருபது வயது பெப்போ விளக்கை வெறித்துக்கொண்டு கிடந்தான். தாம் கடவுளாயின் அச்செபத்தை உமிழ்ந்து தள்ளியிருப்பேன் என்று லேவி சினக்கிறார். அயலானை மறந்த வழிபாட்டை வெறுத்த எசாயா, ஆமோசு ஆகியோரின் சினத்துக்கு இது தொலைவில் இல்லை.

எனினும் ஓரிடத்தில் நாம் அவரோடு உடன்பட இயலாது. செபம் விதிகளையுடைய ஓர் ஆட்டம் அன்று. கல்வாரியில் வலப்புறத்துக் கள்வன் கடைசி நாழிகையில்தான் வாய்திறந்தான். காலம் கடந்துவிட்டது என்று அவன் தள்ளப்படவில்லை. அருள் என்பது தகுதிக் கணக்கு பார்த்துத் தரப்படுவதும் அன்று. லேவியின் நேர்மை நம்மைத் தலைவணங்க வைக்கிறது. ஆனால் கடவுளைப் பற்றிய அவருடைய உருவகம் கடவுளைவிடச் சிறியது என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம்பிக்கையற்றவர்களோடு அவர் கொண்ட உறவும் சிந்திக்கத்தக்கது. வியன்னாவில் பிறந்த மெய்யியலார் ழான் அமேரியும் மோனோவிட்சில் இருந்தவர். லேவியைப் போலவே கடவுளை நம்பாதவர். இருவரும் மடல்கள் வழியே கருத்தாடினர். அமேரி லேவியை 'மன்னிப்பவர்' என்று குறித்தார். அது தமக்குச் சரியாகப் பொருந்தாது என்று லேவி மறுத்தார். ஒத்த கருத்துடையோர் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளும் கூட்டமாக அந்த உறவு அமையவில்லை. மேலும், 1986-இல் வந்த 'மூழ்கியவர்களும் தப்பியவர்களும்' என்னும் நூலில் லேவி, அமேரியின் கூற்றை வழிமொழிந்து ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார்: குருக்களாயினும், யூத ரபிகளாயினும், மார்க்சியராயினும், ஏதேனும் ஒரு நம்பிக்கை உடையவர்கள் முகாமின் சோதனையை மேலாகத் தாங்கினர் என்பதே அது. தம் கொள்கைக்குச் சாதகமற்ற உண்மையையும் மறைக்காத இந்த மனம் அறிவியல் அவருக்குத் தந்த கொடை.

இதற்கு மாறாக, இறைப்பற்றுள்ள நண்பர் ஒருவர் விடுதலைக்குப்பின் அவரைக் காண வந்தார். நீர் பிழைத்தது தற்செயல் அன்று, கடவுளின் பராமரிப்பு. சாட்சி சொல்லவே நீர் தேர்ந்துகொள்ளப்பட்டீர் என்று ஆறுதல் கூறினார். அக்கருத்து லேவிக்குக் கொடூரமாகப்பட்டது. அப்படியாயின் தம்மினும் நல்லவர்களாய் இருந்து மடிந்தவர்களைக் கடவுள் தேர்ந்துகொள்ளவில்லையா? நண்பரின் எண்ணம் தூயது. சொல்லோ முள்ளாய்த் தைத்தது.

இங்கேதான் யோபு நூல் நம் இரு சாராரையும் தீர்ப்பிடுகிறது. தம் முன்குறிப்பில் லேவி, யோபுவை ஒரு கொடிய பந்தயத்தின் பலியாளாகவும், கடவுளைத் தம் வல்லமையால் அவரை நசுக்குபவராகவும் காண்கிறார். நூல் அத்துடன் முடியவில்லை. இறுதி அதிகாரத்தில் ஆண்டவர், தம்மைப் பற்றி எலிப்பாசும் அவருடைய நண்பர்கள் இருவரும் சரியாகப் பேசவில்லை, யோபுவே சரியாகப் பேசினார் என்று கூறுகிறார். கடவுளுக்காக வாதாடியவர்கள் கடிந்துகொள்ளப்படுகிறார்கள். கடவுளோடு வழக்காடியவர் ஏற்றுக்கொள்ளப்படுகிறார். லேவியின் முன்குறிப்பு எட்டாத இடம் இது. அவருடைய நண்பரும் இதை எண்ணிப் பார்த்திருந்தால் அவ்வாறு பேசியிருக்கமாட்டார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, இறைமறுப்பு தோன்றுவதில் நம்பிக்கையாளருக்கும் சிறிதல்லாத பங்கு இருக்கக்கூடும் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. நம் இல்லங்களில் அறிவியல் நூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு, 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்று சொல்லும் மகனோ மகளோ இருக்கலாம். ஒத்த கருத்துடைய நண்பர்களை அவர்கள் தேடிக்கொள்வதைக் கண்டு பெற்றோர் கலங்குவதும் இயல்பே. ஆயத்தமாய் வைத்திருக்கும் விடையை நீட்டுமுன் அந்த நூலடுக்கின் அருகே சற்று அமர்ந்து, அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பது நன்று. ஒருவேளை அங்கும் ஒரு யோபு இருக்கலாம்.

யோபுவின் நண்பர்கள் செய்த சிறந்த செயல், வாய்திறவாமல் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்திருந்ததே. அவர்கள் பேசத் தொடங்கிய பின்னரே தவறினர். முடிவில் அவர்களுடைய மன்னிப்புக்காக மன்றாடும் பொறுப்பை, கேள்வி கேட்ட யோபுவிடமே ஆண்டவர் ஒப்படைத்தார் என்பதை நாம் மறவாதிருப்போமாக.