செந்நூலில் எழுதிய உரைநடை

ஆங்கிலச் சிறுமியர் ஊசிவேலை பயின்ற மாதிரித் துணிகளில் அரிச்சுவடியும் அறவுரையும் பூங்கரையும் இடம்பெறுதல் வழக்கம். கைத்திறன் காட்டுவதே அவற்றின் நோக்கம். தைத்தவளின் உள்ளத்தை அவற்றிற் காண்டல் அரிது. சசெக்ஸ் பகுதியினளான எலிசபெத் பார்க்கர் 1830ஆம் ஆண்டளவில் தைத்த துணியோ இம்மரபினின்றும் விலகியது. இலண்டன் விக்டோரியா அல்பர்ட் அரும்பொருளகத்திலுள்ள அதிற் பூவுமில்லை, கரையுமில்லை. லினன் துணியிற் சிவப்புப் பட்டுநூலாலான புள்ளடித் தையல் எழுத்துக்களே உள. பணிப்பெண்ணாய்ச் சென்றவிடத்து உற்ற கொடுமையையும், தன்னுயிரை மாய்க்க எண்ணியமையையும் அவள் அதிற் கூறுகின்றாள்.

இதனை வரலாற்றுச் சான்றாக மாத்திரம் கொள்வோர் இதன் இலக்கியப் பண்பைக் காணத் தவறுவர். ஓரெழுத்துக்குப் பல தையல் வேண்டும். எனவே, இவை ஆவேசத்திற் கொட்டிய சொற்களல்ல. ஒவ்வொன்றும் பொறுத்திருந்து இட்டவை. பிற்பகுதியில் விவிலிய நடை மேலோங்கி அவள் குரலை மறைப்பது குறையே. ஆயினும், தன் ஆன்மாவின் கதி யாதென வினவும் இறுதி வாக்கியம் இடையில் நின்றுவிட, எஞ்சிய துணி வெறுமையாயிருப்பது எந்த அலங்காரத்தினும் ஆழமாய்ப் பேசுகின்றது.

பின்னர் அவள் ஆசிரியையாகி, 1889வரை வாழ்ந்தாள். அச்செய்தி ஆறுதல் தரலாம். ஆனால், அதனைக்கொண்டு அவ்வாக்கியத்தை முடித்துவைக்கும் உரிமை வாசகர்க்கு இல்லை.