குழலின் புரியும் குண்டின் நீளமும்

அமெரிக்காவின் மேற்குப் புல்வெளி மாநிலங்களாகிய தெற்கு டகோட்டா, வயோமிங், மொன்டானா ஆகியவற்றில் மேய்ச்சல் நிலத்தைத் துளைத்துக் கூட்டங்கூட்டமாகக் குடியிருக்கும் பிரெய்ரி நாய் என்னும் அணிலினத்துப் பிராணியையும், கிழக்கே பென்சில்வேனியாவின் வயலோரங்களில் வளை தோண்டும் உட்சக் என்னும் பிராணியையும், பயிருக்கும் கால்நடைக்கும் கேடு செய்வன என்று கருதித் தொலைவிலிருந்து சுடுவது அந்நாட்டில் ஒரு தனிக்கலையாகவே வளர்ந்திருக்கிறது. சாணகலமே உள்ள உடம்பு முந்நூறு கஜத்துக்கு அப்பால் நிமிர்ந்து நிற்க, அதைத் தப்பாமல் அடிக்க வேண்டியிருப்பதால், ரைபிளின் குழலைத் தேர்வதிலும், தோட்டாவைக் கடையில் வாங்காமல் தன் கையாலேயே அடைத்துக்கொள்வதிலும் இவ்வேட்டைக்காரர் காட்டும் சிரத்தை மான் வேட்டைக்காரரிடம் காணப்படுவதில்லை. அந்தச் சிரத்தை போற்றத்தக்கதே; ஆயினும் அதில் பெரும்பகுதி செல்ல வேண்டிய இடத்துக்குச் செல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கையால் தோட்டா அடைக்கும் வழக்கம் அவசியத்தினால் பிறந்தது. '22-250' என்னும் தோட்டா, 1915-இல் வெளிவந்த '250 சாவேஜ்' தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுத்தில் ஒடுக்கி ஆர்வலர்கள் தாங்களே சமைத்துக்கொண்டது. 1965-இல் ரெமிங்டன் நிறுவனம் அதைத் தன் தயாரிப்பாக ஏற்கும் வரையில், அதைச் சுட விரும்பியவன் தானே அடைத்துக்கொள்வதன்றி வேறு வழியில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது சிறு குண்டுகளுக்குத் தட்டுப்பாடு உண்டான காலத்தில், கலிபோர்னியாவைச் சேர்ந்த ஃபிரெட் ஹன்டிங்டன், சுட்டெறிந்த 22 ரிம்ஃபயர் கூடுகளையே குண்டின் மேலுறையாக மாற்றும் அச்சு ஒன்றைச் செய்தார். இன்று தோட்டா அடைக்கும் கருவிகளுக்குப் புகழ்பெற்ற ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் பெயர் அந்த 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்' அச்சிலிருந்தே வந்தது. தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தியாக வேண்டும். கையால் அடைப்பவனோ ஒரே துப்பாக்கிக்காக அடைக்கிறான். அவன் குழலறையில் ஒருமுறை வெடித்த கூடு அந்த அறையின் வடிவத்தையே ஏற்றுக்கொள்ளுமாதலால், கழுத்தை மட்டும் ஒடுக்கி மீண்டும் அடைத்தால் அது அச்சில் வார்த்ததுபோல் அமர்கிறது. பவுண்டுக்கு 7,000 கிரெயின் என்ற கணக்கில், கிரெயினின் பத்திலொரு பங்கு வரை வெடிமருந்தை நிறுத்துப் போடும் அந்த நிதானம் உயர்ந்த ஒழுக்கமேயாகும்.

ஆனால் இந்நிதானம் வேகம் என்னும் பிரமைக்கு அடிமைப்படும்போது கெடுகிறது. 1935-இல் வின்செஸ்டர் வெளியிட்ட '220 ஸ்விஃப்ட்' 48 கிரெயின் குண்டை விநாடிக்கு 4,100 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் செலுத்தியது. லேசர் தூரமானி இல்லாத அக்காலத்தில் இது மெய்யான நன்மை. குண்டின் பாதை ஏறக்குறைய நேராக இருந்ததால், தூரத்தைக் கண்ணளவில் சற்றுப் பிழைபடக் கணித்தாலும் குறி தவறவில்லை. அதற்குக் கொடுத்த விலை குழலின் ஆயுள். எரியும் மருந்தின் வெப்பம் எஃகு உருகும் நிலையையும் மிஞ்சுவது. அத்தனை மருந்து அவ்வளவு சிறிய துவாரத்தின் வழியே பாயும்போது குண்டைச் சுழற்றும் திருகுத் தடமாகிய புரி தொடங்கும் தொண்டைப் பகுதி விரைவில் வெடித்துத் தேய்கிறது. பிரெய்ரி நாய்க் குடியிருப்பிலோ குழல் ஆறுமுன் அடுத்தடுத்துச் சுடுகிறார்கள். தடித்த குழல் மெதுவாகச் சூடேறும் என்பது உண்மையே. சூடேறிய பின் ஆறுவதற்கும் அது அதிக நேரம் கேட்கிறது. 1950-இல் மைக் வாக்கர் வடிவமைத்த '222 ரெமிங்டன்' வேகத்தில் அடக்கமானது. துல்லியத்திலோ நெடுங்காலம் பந்தயக்காரர்களின் அபிமானத்தைப் பெற்றிருந்தது. இருநூற்றைம்பது கஜத்துக்குள் சுடுபவனுக்கு அதற்கு மேல் தேவையில்லை என்றே கூறுவேன்.

இரண்டாவது தோஷம் நுட்பமானது, ஆகையினால் அதிகம் பரவியது. மருந்தின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வோர் அளவிலும் மூன்று குண்டு காகிதத்தில் சுட்டு, எந்த மூன்று நெருங்கி விழுந்தனவோ அதுவே உத்தமமான அளவு என்று நிர்ணயிக்கிறார்கள். மூன்று குண்டு தற்செயலாகவும் நெருங்கி விழக்கூடும். அதே தோட்டாவால் மறுநாள் சுட்ட மூன்று இருமடங்கு அகன்று விழக்கூடும். பத்து, இருபது குண்டுகளை ஒரே குறியில் சுட்ட பின்னரே ஓரளவு நம்பத்தக்க முடிவு கிடைக்கும். அத்தனை பரீட்சை செய்தாலோ, பரீட்சையே குழலைத் தின்றுவிடுகிறது. இந்த இக்கட்டுக்குப் பூரணமான பரிகாரம் இல்லை. சோதிக்கும் அளவுகளைக் குறைத்து, ஒவ்வொன்றையும் நீளச் சோதிப்பதே விவேகம். குளிர்ந்த வசந்த காலையில் உச்ச அளவாகக் கண்ட மருந்து ஜூலை வெயிலில் அபாயமான அழுத்தத்தை உண்டாக்கலாம் என்பதையும் அந்த மூன்று துளைகள் சொல்வதில்லை.

இத்தனை உழைப்பும் மருந்திலும் கூட்டிலும் செல்ல, எல்லாவற்றுக்கும் அடிப்படையான புரியின் சுற்றைப் பலர் கவனிப்பதேயில்லை. நீண்ட குண்டு தள்ளாடாமல் செல்ல வேண்டுமானால் அதிக வேகமாகச் சுழல வேண்டும் என்பதை 1879-இல் ஜார்ஜ் கிரீன்ஹில் சூத்திரமாகவே எழுதினார். இங்கே கணக்கில் வருவது எடையைக் காட்டிலும் நீளமே. 1955-இல் ரெமிங்டன் தன் '244' தோட்டாவை இலேசான குண்டுகளுக்கென்று கருதி, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழலோடு விற்றது. அதே ஆண்டில் வந்த '243 வின்செஸ்டர்' 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றுக் கொண்டு 100 கிரெயின் குண்டையும் தாங்கியது. மான் வேட்டைக்கும் உதவும் துப்பாக்கியையே ஜனங்கள் வாங்கினார்கள். பின்னர் ரெமிங்டன் புரியைச் சீர்திருத்தி, '6 மில்லிமீட்டர்' என்று புதுப்பெயரிட்டும் இழந்த சந்தையை மீட்க இயலவில்லை.

புரியின் சுற்று குண்டின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும் என்னும் இந்தச் சங்கதி இன்று முன்னிலும் முக்கியமாகியிருக்கிறது. மெல்லிய உறையுள்ள வேட்டைக்குண்டு பட்ட மாத்திரத்தில் சிதறும்படியே செய்யப்படுகிறது. அதனால் பிராணி வருந்தாமல் மடிகிறது, கல்லில் பட்டுத் திசைமாறிப் பண்ணை வீடுகளை நோக்கிப் பாயும் அபாயமும் குறைகிறது. ஆனால் உள்ளிருக்கும் ஈயமும் நுண்துகளாய் உடலெங்கும் பரவி, எடுக்காமல் விடப்பட்ட பிணத்தைத் தின்னும் பருந்துக்கும் கழுகுக்கும் விஷமாகிறது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக்குண்டை முற்றிலும் விலக்கியது. ஈயத்துக்குப் பதிலாக வரும் செம்பு அதைவிட இலேசானது. ஆகவே அதே எடையுள்ள செம்புக்குண்டு நீளமாகிறது, 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுள்ள பழைய குழலில் அது குறுக்காகப் புரண்டு காகிதத்தைக் கிழிக்கவும் கூடும். பழைய குழலை வைத்திருப்பவன் எடை குறைந்த செம்புக்குண்டையே நாட வேண்டும். புதுக் குழலுக்குச் சொல்லியனுப்புகிறவன், எஃகின் வகையையும் குழலின் தடிப்பையும் விசாரிக்குமுன், தான் சுடப்போகும் செம்புக்குண்டின் நீளத்தை அளந்து, அதற்கேற்ற சுற்றைக் கேட்டு வாங்கட்டும்.